மாமியார் சீட்டு

எங்கள் பக்கம் இப்போதெல்லாம் பெண் பார்க்கப் போகிற வீட்டில் காப்பி ஆறுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "பையன் எந்தப் பக்கம்?" சம்பளம், சபை, சொந்த வீடு எல்லாம் அதற்கு அப்புறம்தான். இடது என்றால் பெண்ணின் அத்தைமார் முகத்தில் களை வந்துவிடும். வலது என்றால் பலகாரத் தட்டு சீக்கிரமாக உள்ளே போய்விடும். என் சித்தப்பா ஒருவர் 'இடது' என்று புளுகிக் கல்யாணம் கட்டினார். உண்மை தெரிந்ததும் சித்தி ஒரு வருஷம் அவர் காரில் ஏறாமல் பஸ்ஸிலேயே போய் வந்தாள். இத்தனைக்கும் சித்தப்பா நல்ல மனுஷர்.

கார்கள் தாமாகவே ஓடுகின்றன, ஆனால் ஒவ்வொரு காரும் அதன் சொந்தக்காரரின் கையைக் கொண்டுதான் ஓடுகிறது. பதினேழு முடிகிற சமயத்தில் ஒரு பழகு வண்டியில் ஏறி, ஸ்டியரிங் பிடித்து, நாமே ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். பதினெட்டு ஆனதும் அலுவலகத்தில் 'கைப்பதிவு' எடுப்பார்கள். பிரேக்கை எப்படி மிதிக்கிறோம், வளைவில் எவ்வளவு பதறுகிறோம், எல்லாம் அதில் ஏறிவிடும். முக்கியமாக, திடீரென்று எதிரில் ஒன்று வந்து நின்றால் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் ஏறிவிடும். அதன் பிறகு நாம் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். ஆயுசுக்கும் கார் நாமாகவே ஓட்டிக்கொள்ளும்.

ஓட்டுகிறவர் உட்காருவது வலது பக்கம். மோதப்போகிற நேரத்தில் கார் வலது பக்கம் ஒடிந்தால் அவர் தப்பித்துக்கொள்வார், அடி இடது பக்கத்தில் இருப்பவருக்கு. இடது பக்கம் ஒடிந்தால் அடியை அவர் வாங்கிக்கொள்வார், பக்கத்தில் இருப்பவர் பிழைப்பார். மாப்பிள்ளை மனசில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மாமியாரை முன்னால் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று யாரோ கேலி பேசப்போய், முன்பக்கத்து இடது சீட்டுக்கு 'மாமியார் சீட்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எனக்குப் பதினோரு வயதில் அந்தச் சீட்டில் என் அம்மா இருந்தாள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். நான் அத்தை வீட்டில் விட்டுவைக்கப்பட்டிருந்தேன். வலது சீட்டில் அப்பா செல்வின் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அம்மா பியூலா பள்ளிக்கூடத்துக் கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். வாகைகுளம் தாண்டி, நாலு வழிச் சாலையில் ஒரு உப்பு லாரி விளக்கில்லாமல் நின்றிருந்தது. கார் அப்பாவின் கையாக வலது பக்கம் ஒடிந்தது. அப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. அம்மாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொந்தபந்தம் இரண்டாகப் பிரிந்துகொண்டது. மெஷின் செய்ததற்கு அவர் என்ன செய்வார் என்றது ஒரு கட்சி. மெஷினுக்குள் இருந்தது யார் கை என்றது இன்னொரு கட்சி. அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஊன்றுகோல் பழகியதும் என்னைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டாள். அப்பா தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டார். காரை விற்றுவிட்டு, துறைமுகத்து வேலைக்கு சைக்கிளில் போய் வந்தார். ஏழு வருஷம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

எங்களை மறுபடி முடிச்சுப் போட்டது சட்டம்தான். பழகும்போதும் பதிவு எடுக்கும்போதும் மாமியார் சீட்டில் ஒரு ரத்த சொந்தம் உட்கார வேண்டும், அந்த ஆள் கைப்பதிவு கொடுத்தவராகவும் இருக்க வேண்டும். அம்மா பதிவு கொடுத்ததே இல்லை. மற்ற சொந்தக்காரர்கள் யாரும் என் பக்கத்தில் உட்காரத் துணியவில்லை. வேறு வழி இல்லாமல் ஒரு சனிக்கிழமை என்னைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். "சாப்புட்டுட்டு வந்துரு. அங்க தங்காத" என்றாள்.

நான் போனது வண்டி பழக மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் பேசியதெல்லாம் எனக்குத் தெரியும். வலதுக்காரர் மகள் வலதாகத்தான் இருப்பாள் என்பார்கள். அந்தக் கை எனக்கு இல்லை என்று காட்ட வேண்டும். அதையும் அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட வேண்டும். ஏழு வருஷக் கோபத்தை அப்படித்தான் தீர்த்துக்கொள்ள நினைத்திருந்தேன்.

அப்பா ஒரு மாடி போர்ஷனில் இருந்தார். முதல் நாள் மீன் குழம்பும் சோறும் இரண்டு புதுத் தட்டில் போட்டு வைத்திருந்தார். தட்டில் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. அதுவரை அந்த வீட்டில் இரண்டாவது தட்டுக்கு வேலை இருந்ததில்லை என்று புரிந்தது. பரிதாபப்பட்டுவிடக் கூடாது என்று வேகவேகமாகச் சாப்பிட்டேன்.

"அங்க மழையா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

அது அம்மாவைப் பற்றிய விசாரிப்பு என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார். மண்டை பிளக்கிற மே மாதத்திலும் கேட்டார். நான் வீட்டுக்குத் திரும்பினால் அம்மா, "மத்தியானம் என்ன சாப்பாடு?" என்பாள். அதுவும் அதே ரகம்தான்.

முத்தையாபுரம் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே ஒரு ரோடு நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். பத்துமணி வெயிலுக்குக் கண்ணைத் திறக்க முடியாது. அங்கேதான் பழக்கினார். அலுவலகத்தில் வாடகைக்கு எடுத்த மஞ்சள் வண்டி, பின்னால் கொட்டை எழுத்தில் 'ப' என்று போட்டிருக்கும்.

"பிரேக்கை மிதிக்காத. தடவிக் குடு."

"தடவினா நிக்குமா?"

"நிக்கும். நீ மிதிக்கிற மிதி, அது என்னமோ என் மேல உள்ள கோவம் மாதிரில்லா இருக்கு."

சரியாகத்தான் சொன்னார்.

"கண்ணாடியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன தெரிஞ்சிது?"

"ரோடு."

"ரோடு மட்டுமா? ஒரு பெரியவர் சைக்கிள்ல வாராரு. கேரியர்ல ஒரு ஆட்டுக்குட்டி வச்சிருக்காரு. பாரு நல்லா."

பார்த்தேன். ஆட்டுக்குட்டி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சத்தம் போட மாட்டார். வண்டி உப்பு வாய்க்கால் பக்கம் இழுத்துக்கொண்டு போனபோதுகூட, "வாய்க்கால்ல தண்ணி கம்மியாத்தான் கெடக்கு, பயப்படாத" என்றார்.

சில வாரம் போனதும் ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டி இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன்: "கம்ப்யூட்டர் நம்மளவிட நல்லா யோசிக்கும்லாப்பா? அதையே முடிவெடுக்கச் சொல்ல வேண்டியதான? நம்ம கை எதுக்கு அதுக்கு?"

"யோசிக்கும். யோசிச்சு ஒருத்தனக் கொன்னுட்டுன்னு வையி, கேச யாரு மேல போடுவ? கம்பெனிக்காரன் நான் இல்லங்கான். வண்டிக்காரன் நான் தூங்கிட்டில்லா இருந்தேங்கான். செத்தவன் பொண்டாட்டி யாருட்ட போயி நியாயம் கேப்பா? அதான், வண்டி யாருதோ அவன் கையே ஓட்டட்டும்னு சொல்லிட்டாங்க. குத்தத்துக்கு ஒரு அட்ரஸ் வேணும்லா."

"அதுக்கு முன்னால?"

"முன்னால எல்லாம் மனுசனுக்குத் தன் கை எந்தப் பக்கம் திரும்பும்னே தெரியாது. தெரியாமலே நல்லவனா வாழ்ந்துட்டுச் செத்துப் போவான்." இளநீர்க் கூட்டை ஓரமாகப் போட்டார். "வா, ரிவர்ஸ் எடுத்துப் பழகு."

பாளையங்கோட்டையில் இதற்கென்று கோச்சிங் சென்டர்கள்கூட முளைத்திருந்தன. இடது பக்கம் ஒடிக்கக் கற்றுத் தருவதாகச் சுவரெல்லாம் போஸ்டர். அப்பாவிடம் சொன்னேன். "வீண் செலவு. சோதனைல ரொம்ப நேரம் சும்மா சுத்த விடுவாங்க. கொஞ்ச நேரத்துக்குத்தான் ஒடம்பு நடிக்கும். பெறகு மறந்துரும். அப்பத்தான் முன்னால வந்து நிக்கும்" என்றார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கடைசி வரை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

பதிவு எடுக்கிற நாள் அப்பா சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். துறைமுகத்தை ஒட்டிக் கம்பி வேலி போட்ட நீளமான ஓடுதளம் அது. எங்கோ ஓரிடத்தில் தரைக்குள்ளிருந்து லாரியின் பின்பக்கம்போல ஒரு ஸ்பாஞ்ச் சுவர் எழும்பும். எங்கே, எப்போது என்று யாருக்கும் தெரியாது. பதிவு எடுப்பவர் பெயர் முப்பிடாதி. நரைத்த மீசையும் வெற்றிலை வாயுமாக, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி கலகலப்பாக இருந்தார்.

"பாப்பா, ஒண்ணும் நெனைக்காத. அப்பாட்ட பேசிக்கிட்டே சுத்து. நான் பாத்துக்கிடுதேன்."

சுற்றினேன். முதலில் கை வியர்த்தது. பிறகு அலுத்துவிட்டது. அப்பாவின் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

"இஸ்திரி போட்டியளே, பட்டன் இல்லன்னு பாக்கலியா?"

"இருந்துச்சே..." என்று குனிந்து பார்த்தார்.

சுவர் எழும்பியது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்க நேரமே இல்லை. என் கை ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தது. என் பக்கத்துக் கதவு ஸ்பாஞ்சில் பொதேர் என்று மோதி, தலை ஜன்னலில் இடித்து, வண்டி நின்றது.

மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால் அப்பாவின் வலது கை என் நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டு என்னை சீட்டோடு அழுத்திப் பிடித்திருந்தது. அவரும் அப்போதுதான் அதைப் பார்த்தார். யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

முப்பிடாதி ஓடி வந்தார். "இடது! சுத்தமான இடது! இந்த வருசம் இப்படி ஒண்ண நான் பாக்கல. அண்ணாச்சி, பிள்ளைய நல்லா வளத்திருக்கிய."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை விட்டு இறங்கிக் குதித்தேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் முகம் எப்படிக் கருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்றுதான். கருத்துத்தான் இருந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறவர்போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி பதிவு எந்த வருசம்?" என்று முப்பிடாதி பேச்சுவாக்கில் கேட்டார்.

"சட்டம் வந்த புதுசுலயே."

"அப்ப காலி சீட்டுல்லா."

"காலி சீட்டுன்னா?" என்றேன்.

"ஆரம்பத்துல பக்கத்துல யாரையும் உக்கார விட மாட்டாங்க பாப்பா. ஓட்டுதவர் மட்டுந்தான். ஆளில்லாத சீட்ட எவன் காப்பாத்துவான்? எல்லாரும் வலதுதான். அந்தப் பதிவ வச்சிக்கிட்டு வண்டி ரோட்டுக்கு வந்து, நெறையப் பேருக்கு அடிபட்ட பெறகுதான் திருத்தம் போட்டாங்க. இப்ப சொந்தபந்தம் யாருமே இல்லாதவங்களுக்கு மட்டுந்தான் காலி சீட்டு." பிறகு குரலை மாற்றிக்கொண்டு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "பிடிக்கலைன்னா இன்னைக்கு ஆபீஸ் மூடுததுக்குள்ள ஒரு தடவ அழிச்சிக்கிடலாம். ரெண்டாவது எடுத்தா அதுதான் ஆயுசுக்கும். சும்மா விதிமொறைக்குச் சொல்லுதேன். இத யாரு அழிப்பா?"

அம்மாவைக் காப்பாற்றாத கை அப்பாவின் கையே இல்லை. பக்கத்தில் யாருமில்லாதபோது எடுத்த கை அது. இதைத் தெரிந்துகொள்ளாமலா ஏழு வருஷம் போனது? உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். ஓடுதளத்து ஓரத்துத் தகர ஷெட்டில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். நான் இடது என்பதை முதலில் சொன்னேன். காலி சீட்டை அப்புறம் சொன்னேன்.

அம்மா, "அப்பாட்ட போனக் குடு" என்றாள்.

அப்பா போனை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் ஸ்பீக்கரில் போட்டு நீட்டிப் பிடித்தேன்.

"இருக்கியளா?"

"இருக்கேன் பியூலா."

"பிள்ள இடதுன்னு சொல்லுதா."

"ஆமா."

"கேட்டுக்கிட்டு சும்மா நிக்கிய?"

"சும்மா நிக்கல. எப்படிச் சொல்லன்னு பாத்துக்கிட்டு நிக்கேன்."

"என்ன பாக்க வேண்டிக் கெடக்கு? அழிக்கச் சொல்லுங்க. உங்களுக்கு எடுத்த மாதிரி எடுக்கச் சொல்லுங்க."

நான் கத்தினேன். "அம்மா! ஒனக்குக் கிறுக்கா? அப்பா வலதுன்னுதான நீ வீட்ட விட்டே வந்த?"

"நீ சும்மா இரி. நாளைக்கு ஒம் பக்கத்துல எவன் உக்காருவானோ. ஆபீஸ்காரன் ஒருத்தன் வழியில ஏறுவான். அவனுக்காக வண்டி ஒன்னையக் கொண்டு போயி லாரில முட்டணுமா? அவன் நல்லவனா கெட்டவனான்னு வண்டிக்குத் தெரியுமா? ஒருத்தி கால் இல்லாம இருக்கது போதும் இந்த வீட்டுல."

"அப்ப அப்பா செஞ்சது சரியா? காலி சீட்டுன்னு இப்பத்தான சொன்னேன், அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியே?"

பள்ளிக்கூடத்து மணி அடிப்பது மட்டும் போனில் கேட்டது.

"காலி சீட்டு எனக்குத் தெரியும் கெசி. ஆஸ்பத்திரியிலயே ஒங்கப்பா சொன்னாக. அதுக்காக நான் வரல. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். நான் பக்கத்துல இருந்து, ஸ்டியரிங்கும் உங்க கையில இருந்திருந்தா எந்தப் பக்கம் திருப்பிருப்பியன்னு கேட்டேன். தெரியலன்னாக."

அப்பா போனுக்குப் பக்கத்தில் வந்தார். "நெசமாவே தெரியல பியூலா."

"பாத்தியா. இப்பவும் அதையே சொல்லுதாக." அம்மாவின் குரல் உடைந்தது. "கால் போயிப் படுத்துக் கெடக்கவகிட்ட பொய்யாவாது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இடதுன்னு சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்?"

அப்பா வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே பார்த்தார். அம்மா போனை வைத்துவிட்டாள்.

இப்படி இரண்டு பேர். ஒருத்திக்கு ஒரு பொய் போதும், இன்னொருவருக்கு அது வரவே வராது. அதற்காக இரண்டு ஊரில் இரண்டு சமையல். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நான் அழிக்க மாட்டேன்" என்றேன். "இத்தன நாளா வலதுக்காரர் மவள்னு பேர் வாங்கிருக்கேன். இன்னைக்குத்தான் நான் யாருன்னு எனக்கே தெரிஞ்சிருக்கு. அதையும் அழிக்கணுமா?"

அப்பா தகர ஷெட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"நீ யாருக்காகத் திருப்பின?"

நான் அவர் சட்டையில் பட்டன் இல்லாத இடத்தையே பார்த்தேன்.

"எனக்காகத்தான? நான் இருந்தேன், திருப்பின. அது உள்ள அப்படிப் பதியாது கெசி. இடதுன்னு மட்டுந்தான் பதியும். யாரு உக்காந்தாலும் இடது. அரிசி மூட்டைய வச்சாலும் இடது. அதுக்காக ஒன்னையக் கொண்டு போயி முட்டும்." அவர் கண் கலங்கியிருந்தது. "நான் உனக்குச் செஞ்சது என்ன இருக்கு? சனிக்கெழம சனிக்கெழம மீன் கொழம்பு வச்சேன். அதுக்கு நீ இவ்வளவு பெருசாத் திருப்பிட்ட. எனக்குத் தெரிஞ்சிட்டுல்லா, அது எனக்குப் போதும். அத வண்டிக்குக் குடுக்காத."

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். பதினோரு வயதுக்குப் பிறகு அவரை நான் தொட்டது அன்றைக்குத்தான். சட்டையில் உப்பும் வியர்வையும் மணத்தது. பழிவாங்க வந்தவளுக்குக் கடைசியில் கிடைத்தது இதுதான்.

முப்பிடாதிக்கு விஷயத்தைச் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது. "இத அழிக்கணுமா அண்ணாச்சி? மனசு வரலியே." பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். அழித்தார். "காலி சீட்டுன்னா, யாரும் இல்லன்னு பாப்பா வாயால மெஷின்ல சொல்லணும். அண்ணாச்சி, நீங்க வேலிக்கு அந்தப் பக்கம் போயிருங்க. நான் உங்களப் பாக்கவே இல்ல."

அப்பா போனார். கம்பி வேலிக்கு வெளியே, எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டார். நான் வண்டியில் ஏறினேன். இடது சீட்டு காலியாக இருந்தது. மைக்கில் ஒரு பெண் குரல் கேட்டது.

"உங்களுக்கு இரத்த உறவினர் எவரேனும் உள்ளனரா?"

"இல்லை" என்றேன்.

"பதில் தெளிவாக இல்லை. முழு வாக்கியமாக, சத்தமாகச் சொல்லவும்."

வேலிப் பக்கம் பார்த்தேன். அவருக்குக் கேட்கிற தூரம்தான்.

"எனக்கு யாரும் இல்லை" என்று கத்திச் சொன்னேன்.

"நன்றி. வண்டியை இயக்கலாம்."

இரண்டாவது தடவை ரொம்ப நேரம் சுற்ற வேண்டியிருந்தது. பேச ஆள் இல்லை. பிரேக்கைத் தடவினேன். கண்ணாடியைப் பார்த்தேன். அதில் ஓடுதளம் தெரிந்தது, ஒவ்வொரு சுற்றிலும் எருக்கஞ்செடிக்கு நடுவே அசையாமல் நிற்கிற ஒருவரும் தெரிந்தார். அம்மா இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருப்பாள், அடுப்பில் என்ன வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். சுவர் எழும்பியது. கை வலது பக்கம் ஒடித்தது. காலி சீட்டின் கதவு ஸ்பாஞ்சில் உரசிக்கொண்டு போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

முப்பிடாதி இந்த முறை ஓடி வரவில்லை. "வலது. முடிஞ்சிது பாப்பா, போயிட்டு வா" என்றார்.

அதெல்லாம் நடந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இப்போது மதுரையில் வேலை பார்க்கிறேன். சொந்தக் கார் இருக்கிறது. கல்யாணப் பேச்சு சிலது வந்தது, முதல் கேள்வியோடு போனது. ஒருவர் மட்டும் பரவாயில்லை என்றார். அவரை எனக்கும் பிடித்திருந்தது. ஒரு நாள் காரில் முன்கதவைத் திறக்கப் போனவரை, தயவுசெய்து பின்னால் உட்காருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டுதான் பின்னால் போனார். தினமும் ஒருவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்ன பேச முடியும்? அதுவும் நின்றுபோனது. ஆபீஸில் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். யாரையும் பக்கத்தில் உட்கார விடமாட்டாளாம். அம்மா வந்தால் அவளாகவே பின்கதவைத் திறந்து ஏறிக்கொள்வாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதில் அவளுக்கு அத்தனை திருப்தி.

அப்பா எப்போதாவது வருவார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். முதல் தடவை வந்தபோது பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அதைச் சாத்திவிட்டு, சுற்றி வந்து, முன்னால் மாமியார் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"அப்பா, பின்னால போங்க. இது காலி சீட்டுப் பதிவு. உங்களுக்குத் தெரியும்லா, வலதுதான் திருப்பும்."

"தெரியும்" என்றார். "கெளம்பு."